ஏழு வீடு மாற்றும் பூனை: திருவல்லிக்கேணி வீடொன்றில் ஒரு தாய்ப்பூனையின் நிகழ்வு ஆய்வு

திருவல்லிக்கேணியில், பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நான்கு போர்ஷன்களாகத் தடுக்கப்பட்ட பழைய வீட்டின் மாடியில் நான் குடியிருக்கிறேன். அந்த வீட்டை அண்டி வாழ்ந்த, எல்லோரும் சுந்தரி என்று கூப்பிட்ட மூன்று நிறப் பெண் பூனை, 2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மாடிப்படிக்கு அடியில் இருந்த கொலு பொம்மைப் பெட்டிக்குள் ஐந்து குட்டிகளை ஈன்றது. அதற்கு முந்தைய சில மாதங்களிலும் பிந்தைய ஒன்பது வாரங்களிலும் நான் ஒரு நோட்டில் குறித்து வைத்த தேதிகளும் எடைகளுமே இந்த ஆய்வுக்கு ஆதாரம். நான் கால்நடை மருத்துவன் அல்ல. அச்சுப் படி திருத்துவது என் தொழில். இரவில் நெடுநேரம் விழித்திருப்பதும், கண்ணில் பட்டதைத் தேதி போட்டு எழுதி வைப்பதும் அந்தத் தொழிலால் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்.

இந்தக் காலத்தில் சுந்தரியின் மேல் எங்கள் வீட்டில் மூன்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. பெற்ற குட்டிகளில் ஒன்றை அது தள்ளிவிட்டது. மற்றவற்றை ஓரிடத்தில் நிம்மதியாக வைத்துக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு அலைந்தது. குட்டிகள் பால் மறப்பதற்கு முன்பே மறுபடியும் கடுவனைத் தேடிப் போனது. மூன்றையும் அதனுடைய குணமாகவே எல்லோரும் பேசினார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் குணம் என்று சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த வேளையில் ஒரு காரணம் இருந்தது, அதில் பாதிக் காரணங்களை நாங்களே உண்டாக்கியிருந்தோம்.

பருவம்

சுந்தரிக்கு அப்போது வயது ஏறத்தாழ ஒன்று. ஜூலை 18ஆம் தேதி இரவு அது முதன்முறையாக அடித்தொண்டையில் நீட்டி நீட்டிக் கத்தியது. முன்னங்கால்களை மடித்து மார்பைத் தரையோடு அழுத்தி, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒருபுறம் ஒதுக்கி, பின்னங்கால்களால் நின்ற இடத்திலேயே மிதித்தது. பிறகு திண்ணைத் தூணில் கன்னத்தை உரசி உருண்டது. கீழ்ப் போர்ஷன் மாமி அதைப் பார்த்துவிட்டு, "வயித்தை வலிக்கறதோ என்னமோ, துளி ஓம ஜலம் குடுத்துப் பாரேன்" என்றார். கொடுத்தும் பார்த்தோம், முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போனது. பூனை பருவத்துக்கு வரும்போது மாட்டைப் போல வெளிப்படையான ஒழுக்கு பெரும்பாலும் தெரிவதில்லை. குரலும் இந்த நிற்கும் விதமுமே அடையாளம் என்பதால், பார்த்திராதவர்களுக்கு அது வலியாகத்தான் தோன்றும்.

சத்தம் தாங்காமல் பின்போர்ஷன் அக்கா அதை இரவுகளில் தன் அறையில் அடைத்து வைத்தார். ஒரு வாரத்தில் அடங்கியது. ஆகஸ்ட் 9இல் மறுபடியும் கத்தியது, மறுபடியும் அடைத்தார். ஆகஸ்ட் 30இல் மூன்றாம் முறை. இடைவெளி 22 நாள், 21 நாள். இந்தக் கணக்கில்தான் பூனையின் உடலமைப்பின் முக்கியமான விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. மனிதரிலும் மாட்டிலும் முட்டை தானாகவே காலக்கணக்குப்படி வெளியேறுகிறது. பூனையிலோ, இணைசேர்க்கையின்போது ஏற்படும் தூண்டல் மூளைக்குச் சென்று, அங்கிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் பெருக்கெடுத்த பிறகுதான், ஒன்றிலிருந்து இரண்டு நாட்களுக்குள் முட்டை வெளியேறுகிறது. கடுவனின் குறியில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் இருப்பதும், விலகும்போது பெண் பூனை அலறித் திரும்பி அறைவதும் இதனோடு சேர்ந்தவை. இணைசேராமல் அடைத்து வைத்தால் பெரும்பாலும் முட்டை வெளியேறாது. ஆகவே சினைக்காலமும் வராது, பொய்ச்சினையும் வராது, இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த பருவம் தொடங்கிவிடும். அக்கா தொல்லையை அடக்குவதாக நினைத்து அதைத் தவணை முறையில் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

குளிர்நாட்டுப் பூனைகளுக்குப் பகல் குறுகும் மாதங்களில் இந்தச் சுழற்சி நின்று, தை மாசியில் பகல் நீளும்போது மீண்டும் தொடங்கும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. போதாததற்குத் தெருவிளக்கும் மாடிப்படி விளக்கும் இரவெல்லாம் எரிகின்றன. ஆகவே இந்த ஊர்ப் பூனைக்கு ஓய்வுப் பருவம் என்று ஒன்று இருப்பதாக நம்பி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசியிலும் குட்டி போடும், சித்திரையிலும் போடும்.

ஆகஸ்ட் 31 இரவு அக்கா ஊருக்குப் போயிருந்தார். அன்றிலிருந்து செப்டம்பர் 3 வரை மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் இரண்டு கடுவன்களைப் பார்த்தேன்: ஒன்று முழுக் கருப்பு, மற்றது தாடை பெருத்த செவலை. இணைசேர்வது சில விநாடிகளில் முடிந்துவிடும். கடுவன் பிடரியைக் கவ்வியிருக்கும், அலறல் எழும், அது தாவி விலகும், சுந்தரி உருண்டு புரண்டு தன்னை நக்கிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். ஒரே இரவில் ஏழு முறை எண்ணியிருக்கிறேன்; நான் தூங்கிய நேரக் கணக்கு அதில் இல்லை. ஒரே ஒரு சேர்க்கை பல சமயங்களில் முட்டையை வெளியேற்றப் போதுமான ஹார்மோனைச் சுரக்க வைக்காது என்பதால், அது வெறும் ஆரவாரமல்ல, தேவையான எண்ணிக்கை.

சினையும் பெட்டியும்

செப்டம்பர் 22ஆம் தேதி வாக்கில், அதாவது மூன்றாம் வாரத்தில், காம்புகள் தடித்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. சினை உறுதி என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். சாப்பாடு நாளுக்கு நாள் கூடியது. மாமி வீட்டிலிருந்து தயிர் சாதம், அக்கா வீட்டிலிருந்து மீன் தலை, என்னிடமிருந்து பாக்கெட் தீனி என்று அது மூன்று சமையலறையிலும் கணக்கு வைத்திருந்தது. பூனை ஊன் தின்னும் விலங்கு. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தானே தயாரிப்பதில்லை, அது மீனிலும் கறியிலும்தான் கிடைக்கும். சினைப் பூனைக்கு அது குறைந்தால் கருச்சிதைவும் நலிந்த குட்டிகளும் ஏற்படும். தயிர் சாதத்தை அது தின்றது பசியால். பிழைத்தது மீன் தலையால். மாமியிடம் இதை நான் சொல்லவில்லை.

அக்டோபர் 24 விஜயதசமியன்று கொலு முடிந்து, பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். சின்னப் பெட்டி ஒன்றில் செட்டியார் பொம்மை உடைந்துபோனதால் பாதி இடம் காலி. துணி மட்டும் கிடந்தது. மாத இறுதியிலிருந்து சுந்தரி வீட்டிலுள்ள ஒவ்வொரு இருட்டு மூலையையும் சோதித்தது. அக்கா நைந்த புடவை மடித்துப் போட்டு ஒரு பிரம்புக் கூடையை அறை நடுவே வைத்திருந்தார். சுந்தரி அதில் ஒரு மதியம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. இருட்டு, மூன்று பக்கமும் மறைப்பு, உலர்ந்த தரை, தலையை நீட்டினால் வாசல் தெரிய வேண்டும். இவ்வளவும் பொம்மைப் பெட்டியில் இருந்தன, கூடையில் துணி மட்டும்தான் இருந்தது.

ஈற்று

நவம்பர் 4 முழுவதும் சாப்பிடவில்லை. இரவு 11 மணிக்குப் பெட்டித் துணியைக் கால்களால் கிளறிக் கிளறிக் குழி பண்ணியது. முதல் குட்டி 2.10க்கு வந்தது; செப்டம்பர் 2ஐ நடுவாகக் கொண்டால் 64ஆம் நாள், நூல்கள் சொல்லும் 63–65 நாள் கணக்குக்குள்தான் இருந்தது. அடுத்தவை 2.35, 3.40, 3.55, கடைசியாக 5.20.

முதல் குட்டி வந்தபோது டார்ச்சைத் துணியால் மூடி மங்கலாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். சவ்வுப் பையோடு, ஈரமான கருப்பு உருண்டையாக விழுந்தது. சுந்தரி பையைப் பல்லால் கிழித்து, முதலில் முகத்தையும் மூக்கையும்தான் நக்கியது. அந்தச் சொரசொரப்பான நாக்கின் அழுத்தத்தில் குட்டி ஒரு முறை வாயைத் திறந்து மூடி, பிறகு கீச்சென்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு நக்கும் வேகம் கூடியதை மூன்று குட்டிகளில் கவனித்தேன். தொப்புள்கொடியைக் கடைவாய்ப் பற்களில் வைத்துக் கயிறு கடிப்பதுபோல் மென்று அறுத்தது. கூர்மையான வெட்டை விட இப்படி நசுங்குவதால் இரத்தம் ஒழுகுவது குறையும். நஞ்சுக்கொடியைத் தின்றது. நான்கைப் பார்த்தேன், ஐந்தாவதை நான் காபி போடப் போன நேரத்தில் தின்றிருக்க வேண்டும். கண் திறக்காத, காது மடல் ஒட்டிய குட்டிகள், தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு வயிற்றின் சூட்டைத் தேடி ஊர்ந்தன. விடிவதற்குள் நான்கு குட்டிகள் காம்பைப் பிடித்துவிட்டன. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களைக் குட்டியின் குடல் ஏற்பது ஏறத்தாழ முதல் பதினாறு மணி நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் காம்பில் இருப்பது எத்தனை முக்கியம் என்பதைப் பிறகு ஐந்தாவது குட்டி காட்டியது.

காலை 8 மணிக்கு, கைகளைச் சுந்தரியின் துணியிலேயே தேய்த்துக்கொண்டு, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டேன். செவலை பெட்டை 96 கிராம், கருப்புப் பெட்டை 102, செவலையும் வெள்ளையுமான ஆண் 108, கருப்பு ஆண் 99. ஐந்தாவது, தாயைப் போல மூன்று நிறப் பெட்டை, 68. பாலினத்தை நான் அன்று ஊகித்ததுதான். எட்டாம் வாரத்தில் மருத்துவர் பார்த்து, மிஞ்சிய நான்கையும் சரியென்றார்.

இந்த நிறப் பட்டியல் ஒரு தகப்பன் வழக்கைத் தீர்த்து வைத்தது. செவலை நிறம் எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) வருவது. அந்த நிறப்புரியிலுள்ள ஏ.ஆர்.ஹெச்.கேப்.36 என்ற மரபணுவில் டி.என்.ஏ.வின் ஒரு துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்று 2025இல் ஆய்வுகள் வெளியாயின. ஆணுக்கு ஒரே எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு. பெண் குட்டி முழுச் செவலையாக இருக்க வேண்டுமானால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் செவலை எக்ஸ் வந்திருக்க வேண்டும். முழுக் கருப்பாக இருக்க வேண்டுமானால் இருவரிடமிருந்தும் கருப்பு எக்ஸ் வந்திருக்க வேண்டும். ஒரு கடுவனிடம் இருப்பதோ ஒரே ஒரு எக்ஸ். ஆகவே செவலை பெட்டையும் கருப்புப் பெட்டையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்திருக்க முடியாது. டேங்குக்குப் பின்னால் பார்த்த இரண்டும் தகப்பன்களே. ஆண் குட்டிகள் நிறத்துக்குரிய எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுவதால் அவற்றின் தகப்பன் யாரென்று இந்தக் கணக்கில் சொல்ல வழியில்லை.

தள்ளப்பட்ட குட்டி

ஐந்தாவது குட்டி காம்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. முதல் நாள் 68, இரண்டாம் நாள் 64, மூன்றாம் நாள் காலையில் 61. மற்றவை நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து கிராம் ஏறின. மூன்றாம் நாள் மதியம் அது பெட்டியின் விளிம்பருகே, துணிக்கு வெளியே தனியாகக் கிடந்தது. தொட்டபோது என் உள்ளங்கையை விடக் குளிர்ந்திருந்தது. கைச்சூட்டில் வைத்து, சூடான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாயின் வயிற்றருகே வைத்தேன். சுந்தரி முகர்ந்தது, இரண்டு முறை நக்கியது, பிறகு மற்ற நான்கின் பக்கம் திரும்பிக்கொண்டது. மாலையில் குட்டி இறந்துவிட்டது.

"மனுஷா கை பட்டா தாய் சேத்துக்காது. நீ தராசுல வெச்சயோன்னோ, அதான்" என்றார் மாமி. கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் நோட்டை எடுத்தேன். நான் தொட்டது ஐந்தையும். ஒரே நாளில், ஒரே துணியில், ஒரே வரிசையில். தள்ளப்பட்டது ஒன்று மட்டும், அதுவும் முதல் முறை தொடுவதற்கு முன்பே மற்றவற்றை விட முப்பது கிராம் எடை குறைந்திருந்த ஒன்று. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் குவியலும்தான் அதற்கு அடுப்பு. குட்டி குளிர்ந்தால் குடல் வேலை நின்று பாலுறிஞ்சும் வலிமையும் போய்விடும், பிறகு குரலும் போய்விடும். தாய்ப்பூனை குட்டியைச் சூட்டாலும் அசைவாலும் குரலாலும் மணத்தாலும் அறிகிறது. அவற்றில் மூன்று அடங்கிவிட்ட பிறகு அதன் முன்னால் கிடந்தது அதன் கணக்கில் குட்டியா என்பதே சந்தேகம். இறந்த குட்டியைச் சில தாய்ப்பூனைகள் தின்றுவிடுவதும் உண்டு, சுந்தரி தின்னவில்லை. நான் அதைச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தேன்.

என் தவறு ஒன்று உண்டு, அது தொட்டது அல்ல. முதல் நாள் 68 என்று தராசு காட்டியபோதே தனியாக ஊட்டம் கொடுக்க ஆள் தேடியிருக்க வேண்டும். நம் ஊரில் உடனே கைக்கு வருவது பாக்கெட் பால். பூனைப் பாலோடு ஒப்பிட்டால் அதில் புரதமும் கொழுப்பும் குறைவு, பால் சர்க்கரை வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். குட்டிகளுக்கான பால் மாவு மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. அதை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்பது எனக்கு மூன்று நாள் தாமதமாகத் தெரிந்தது.

ஏழு வீடு

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். சுந்தரி மாற்றியது நான்கு முறை. நான்கையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

முதல் மாற்றம் நவம்பர் 12, தீபாவளியன்று விடியற்காலை 4 மணிக்கு. குட்டிகளுக்கு ஏழு நாள். பெட்டி இருந்த மாடிப்படி தெருவாசலை ஒட்டியது. முதல் சரவெடி வெடித்துக் கால் மணி நேரத்துக்குள் நான்கையும் பின்கட்டுக் கிணற்றடி அறைக்குக் கொண்டுபோய்விட்டது. குட்டிகளின் காதுத் துளைகள் அப்போது சரியாகத் திறந்திருக்கவில்லை. அவை அமைதியாகவே தொங்கின. வெடி கேட்டது தாய்க்கு மட்டும்.

தொங்கின என்றா சொன்னேன்? அதைச் சற்று விளக்க வேண்டும். தாய் பிடரித் தோலைக் கவ்வியதும் குட்டி உடம்பைத் தளரவிட்டு, பின்னங்கால்களை வயிற்றோடு மடக்கி, வாலை உள்ளே சுருட்டிக்கொள்கிறது, கத்துவதும் நின்றுவிடுகிறது. எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் பார்த்தசாரதி கோயில் இருக்கிறது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிக்கு எதிராக, தாயிடமே பொறுப்பை விட்டுவிடும் பூனைக்குட்டியைத் தென்கலையார் சரணாகதிக்கு உவமையாகச் சொல்வது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த மார்ஜார நியாயம். அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சிறு திருத்தம் தோன்றுகிறது: சும்மா இருப்பதும் அந்தக் குட்டி செய்யும் வேலைதான். கால்களை உதறியிருந்தால் படி தட்டி இரண்டும் விழுந்திருக்கும். வளர்ந்த பூனையை நாம் பிடரியைப் பிடித்துத் தூக்குவது இதனோடு சேர்த்தியில்லை. அதன் எடைக்கு அது வலி.

இரண்டாம் மாற்றம் நவம்பர் 20 இரவு. செவலைக் கடுவன் கிணற்றடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. சுந்தரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து அதைப் பக்கத்து வீட்டுக் கூரை வரை துரத்தியது. அன்றிரவே குட்டிகளை அக்கா அறையில் பழைய பீரோவின் அடித்தட்டுக்குக் கொண்டுபோனது. கடுவன்கள் குட்டிகளைக் கொல்வது உண்மையில் பதிவாகியிருக்கிறது. குட்டிகள் போனால் தாய் விரைவில் பருவத்துக்குத் திரும்பும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஊரில் பேசுகிற அளவுக்கு அது வழக்கமானதல்ல. அந்தச் செவலை எதற்கு வந்தது என்று சொல்ல முடியாது. அது கீழே இறங்கக்கூட இல்லை.

மூன்றாவது முழுக்க மனிதர் செய்தது. அக்கா அன்பு மிகுந்து பீரோவுக்கு அருகிலேயே மீன் தட்டை வைத்தார். அதுவரை அந்த இடத்தில் எந்த வாடையும் கிடையாது. குட்டிகள் மூன்று வாரம் வரை தாமாகச் சிறுநீர் மலம் கழிக்க முடியாமல், தாய் நக்கித் தூண்டிய பிறகே கழிக்கும், அதையும் தாய் நக்கித் தின்றுவிடும். இருப்பிடத்தை மோப்பத்திலிருந்து மறைக்க அது அவ்வளவு பாடுபட்ட இடத்தில், மீன் சாற்றுக்குச் சிவப்பு எறும்பு வரிசை கட்டியது. நவம்பர் 28இல் குட்டிகள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், செங்கல் மேடையில் போட்டிருந்த சாக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

நான்காவது மிக்ஜாம் புயலின்போது. டிசம்பர் 3 இரவு தொடங்கிய மழை விடாமல் பெய்து, 4ஆம் தேதி காலையில் பின்கட்டில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை. குட்டிகளுக்கு 29 நாள், ஒவ்வொன்றும் நானூறு கிராமுக்கு மேல். சுந்தரியே மூன்று கிலோ தேறாது. 6.15க்கு முதல் குட்டியோடு பத்தொன்பது படிகள் ஏறி என் சமையலறை மேடைக்கு அடியில் காலியாயிருந்த தட்டில் போட்டது. நனைந்த மயிர் உடம்போடு ஒட்டி எலிபோல மெலிந்து தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் குட்டியின் பின்கால் இடித்தது, அது தலையை இன்னும் உயர்த்திக்கொண்டு ஏறியது. நான்கு நடை, நாற்பது நிமிடம். நான்கும் வந்து சேர்ந்த பிறகும் ஐந்தாம் முறை இறங்கிப் போனது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன்: தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த சாக்கை முகர்ந்து, கல்லின் பின்புறம் எட்டிப் பார்த்து, சற்று நின்று காது கொடுத்துவிட்டு வெறும் வாயோடு திரும்பியது. அது எண்ணி முடித்ததல்ல, இடம் காலியாக இருப்பதைப் பார்த்து முடித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

"நமக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா, தம்பி" என்று அக்கா வியந்தார். புயல் வருகிறது என்று இரண்டு நாளாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுந்தரி சாக்கு நனையும் வரை அங்கேதான் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. வருவது தெரியாமல், வந்த பிறகு செய்ததுதான் பெரிய வேலை.

பால் மறத்தலும் மறுசினையும்

அதற்குப் பிறகு இடம் மாற்றவில்லை. டிசம்பர் 8இல் செத்த சுண்டெலி ஒன்றைக் கொண்டுவந்து தட்டின் முன் போட்டுத் தொண்டைக்குள் ஒரு தனிக் குரல் கொடுத்தது. கருப்புப் பெட்டை மட்டும் வந்து முகர்ந்தது. இரண்டு வாரம் கழித்து அரை உயிரோடு கொண்டுவந்து விட்டு, தப்பியோடினால் தானே பிடித்து மறுபடியும் விட்டது. என் சமையலறையில் இந்தப் பள்ளிக்கூடம் நடந்ததைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பாலுக்கு வரும் குட்டிகளை அது இப்போது படுத்து ஏற்காமல் எழுந்து நகர்ந்தது. மனிதரோடு பழக இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையே குட்டிக்கு நல்ல காலம் என்பதால், அக்கா மகளும் நானும் தினமும் அவற்றைக் கையில் வைத்திருந்தோம்.

டிசம்பர் 16 இரவு, குட்டிகளுக்கு 41 நாள் ஆனபோது, அதே பழைய குரல். பால் கொடுக்கும் பூனைக்குச் சினை பிடிக்காது என்று நாங்கள் எல்லோருமே நம்பியிருந்தோம். பால் கொடுப்பது பருவத்தைப் பல பூனைகளில் தள்ளிப் போடுகிறது, ஆனால் தடுப்பதில்லை. ஈன்ற சில வாரங்களிலேயே பருவத்துக்கு வந்து, ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே மறு பக்கம் சினையாகும் பூனைகள் உண்டு. 17, 18 தேதிகளில் கருப்பன் மாடியில் இருந்தது. மூன்றாவது குற்றச்சாட்டு அன்று எழுந்தது. பெண் பூனைக்குக்கூட இந்த வீட்டில் நல்ல பெயர் எடுப்பது கடினம்.

1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருப்பதால், எந்த விலங்குக்கு என்ன ஆனாலும் "வேப்பேரிக்குத் தூக்கிட்டுப் போ" என்பதுதான் சென்னையில் வழக்கு. நான் அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம்தான் கொண்டுபோனேன். முதல் சினைக்கு முன்பே, ஆகஸ்டில், ஊசி போட்டுப் பருவத்தை நிறுத்தலாம் என்று யாரோ சொன்னதை அவரிடம் கேட்டேன். அந்த ஹார்மோன் ஊசியால் கருப்பையில் சீழ் வைப்பதும் பால் சுரப்பிகள் வீங்குவதும் உண்டு என்றார். கருத்தடை அறுவையை முதல் பருவத்துக்கு முன்பே, ஐந்தாறு மாத வயதில் செய்திருந்தால் பால் சுரப்பிப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் பெருமளவு குறைந்திருக்கும்.

2024 ஜனவரி 6ஆம் தேதி அறுவை நடந்தது. பால் சுரப்பிகள் இன்னும் பெருத்திருந்ததால், அடிவயிற்றைத் திறக்காமல் இடது விலாப்புறம் வழியாகச் செய்தார். கருப்பையை எடுத்த பிறகு என்னைக் கூப்பிட்டுத் தட்டில் காட்டினார்: இரண்டு கொம்புகளிலுமாக நான்கு முடிச்சுகள், அரிநெல்லிக்காயை விடச் சற்றுப் பெரியவை. இருபது நாள் சினை. ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் தயங்கியிருப்பேன், இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் எட்டுப் பூனைகளுக்கு வீடு தேடியிருப்பேன். பார்த்தது அந்த நேரத்தில் லேசாக இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியைச் சற்றுக் கத்தரித்திருந்தார்.

மாலையில் கூண்டைச் சமையலறையில் திறந்தேன். சுந்தரி தள்ளாடி வெளியே வந்தது. 62 நாள் வயதான நான்கு குட்டிகளும் ஓடி வந்து, ஓரடி தூரத்தில் நின்று, முதுகை வளைத்துச் சீறின. ஸ்பிரிட்டும் மருந்தும் கூண்டில் அதற்கு முன் இருந்த நாயின் வாடையும் கலந்து வந்த அது அவற்றின் மூக்குக்குத் தாயாக இருக்கவில்லை. சுந்தரி பதிலுக்குச் சீறாமல் அடுப்பு மேடைக்குக் கீழே போய்ப் படுத்து, மழித்த விலாவை விட்டுவிட்டு, முன்னங்கால்களையும் மார்பையும் மெதுவாக நக்கத் தொடங்கியது. இரண்டரை மணி நேரம் ஆயிற்று. முதலில் கருப்புப் பெட்டைதான் வயிற்றைத் தரையோடு ஒட்டி ஊர்ந்து போய், நக்கி ஈரமாயிருந்த கழுத்தை முகர்ந்தது.